இறக்கத்தில் நியூட்ரல்

மஸ்கட்,
14.9.1991

அன்புள்ள மாப்பிள்ளை வேடியப்பனுக்கு, மச்சான் கண்ணாயிரம் எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே வெயிலைத் தவிர வேறு குறை இல்லை. நம் மலைப் பாறைச் சூட்டில் வளர்ந்தவனுக்கு அதுவும் ஒரு குறையா? அம்மாவிடம் சொல்லுங்கள், மூன்று வேளையும் சோறு கிடைக்கிறது, உப்புதான் கம்மி. தங்கச்சி தனம் எப்படி இருக்கிறாள்? குட்டி இனியா என்னைத் தேடுகிறாளா?

விசா திடுதிப்பென்று வந்துவிட்டதால் என் அம்பாசிடரை உங்கள் கையில் கொடுத்ததோடு சரி, ஒழுங்காக ஓட்டச் சொல்லித்தர நேரமில்லாமல் போனது. உங்களுக்கு டிராக்டர் ஓட்டிய கை. கடைசி நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது நான் கதவை இறுகப் பிடித்துக்கொண்டே வந்ததை வெளியே சொல்லவில்லை, மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக. இப்போது கடல் தாண்டி வந்துவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

கிளட்சை முழுதாக, தரை தொடும்வரை மிதிக்க வேண்டும். பாதி மிதித்துக் கியரை மாற்றினால் பல் பெயரும். முதல் கியர் வண்டியை நகர்த்துவதற்கு மட்டும்தான், இரண்டு வண்டி நீளம் போனதும் இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நடுவில் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, பிறகு தள்ளுங்கள். கியர் கம்பியைக் கண்ணால் பார்க்கக் கூடாது. காதைக் கேளுங்கள். எஞ்சின் முனகினால் கியரைக் குறையுங்கள், கத்தினால் கூட்டுங்கள். ஓடும்போது கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே போவது உங்கள் பழக்கம், அதை விடுங்கள்.

ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்கள் பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து வருவார்கள். நீங்கள் கிளட்சைத் தொப்பென்று விட்டால் அவர்கள் தியானம் கலைந்துபோகும், அடுத்த முறை வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

அன்பு மச்சான்,
கண்ணாயிரம்


அடி அண்ணாமலை,
20.10.1991

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, வேடியப்பன் வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக்கு மேல் செருகி வைத்துக்கொண்டுதான் வண்டி எடுக்கிறேன். தினமும் விடியலில் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று. தனம் பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போடுகிறாள். கியர் சிக்கினால், “பல்ல நறநறன்னு கடிக்குதுங்க, யார் மேல கோவம்?” என்கிறாள். இனியா பின் சீட்டில் நின்றுகொண்டு கியர் மாற்றும் சத்தத்தை வாயாலேயே போடுகிறாள். நேற்று ஒரு சுற்று முழுவதும் ஒரு முறைகூடக் கடிக்கவில்லை. தனம் நூற்றுக்கு எண்பது போட்டாள். மீதி இருபது எங்கே என்று கேட்டேன். “எங்கண்ணன் ஓட்டினா நூறு,” என்றாள். வெளிநாடு போனாலும் உங்களுக்குத்தான் மரியாதை.

ஒரே ஒரு குறை. அதே டீசலில் டாக்சி ஸ்டாண்டில் இருக்கிற மற்றவர்கள் எல்லாம் என்னைவிட ஜாஸ்தி தூரம் ஓட்டுகிறார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள், சொல்வதில்லை. அது என்ன ரகசியம் என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

அத்தை நலம். இனியா உங்கள் போட்டோவைப் பார்த்து மாமா என்று சொல்கிறாள்.

இப்படிக்கு,
வேடியப்பன்


மஸ்கட்,
2.12.1991

அன்பு மாப்பிள்ளைக்கு,

எண்பது மார்க் வாங்கியதற்கு வாழ்த்துகள். எனக்கு நூறு போட்ட தங்கச்சிக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை.

டீசல் ரகசியம் கேட்டீர்கள். இது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும், புதிதாக வந்தவனுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். இறக்கம் வந்தால் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிடுங்கள். வண்டி தன் கனத்திலேயே ஓடும். ஜவ்வாது மலையிலிருந்து நான் எத்தனை முறை அப்படி மிதந்து வந்திருக்கிறேன் தெரியுமா? வளைவில் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும், கீழே போளூர் ரோடு வந்த பிறகு நாலாவதைப் போடலாம். இதெல்லாம் லைசென்ஸ் கொடுக்கிறவன் சொல்லித்தர மாட்டான், மச்சான்தான் சொல்லித்தர வேண்டும்.

தனத்திடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் பயந்தாங்கொள்ளி. தெரிந்தால் பிறகு வண்டியில் ஏறவே மாட்டாள்.

தீபத்துக்கு நல்ல கூட்டமா? இங்கே வேலை முடிந்து வந்து, அந்த நேரத்துக்கு மேற்கா கிழக்கா தெரியாமல் ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட்டேன்.

அன்பு மச்சான்,
கண்ணாயிரம்


அடி அண்ணாமலை,
19.1.1992

அன்புள்ள மச்சானுக்கு,

பொங்கல் நன்றாக நடந்தது. நீங்கள் சொன்ன வித்தையைச் செய்து பார்த்தேன். மலையிலிருந்து வந்தபோது கியரை எடுத்ததும் வண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. தனம் பயந்துவிட்டாள். “இன்னாங்க, நின்னு போச்சா?” என்று என் கையைப் பிடித்தாள். “இல்ல, கொஞ்சம் இளைப்பாறுது,” என்றேன். அதை நம்பிவிட்டாள், பாவம். அப்புறம் ஜன்னலை இறக்கி விட்டு, “இப்பதாங்க குருவி கத்தறது காதுல விழுது,” என்றாள். இப்போது மலைப் பயணம் என்றாலே, “இளைப்பாற விடுங்க, குருவி கேக்கலாம்,” என்கிறாள்.

நான் காரணம் சொல்லவில்லை. மாமன் மச்சான் ரகசியம் நம்மோடு இருக்கட்டும். டீசலும் மிச்சமாகிறது.

வேடியப்பன்


மஸ்கட்,
3.7.1994

மாப்பிள்ளைக்கு,

தந்தி வந்தது. நான்கு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. காலில் விழுந்து கேட்டும் விடவில்லை. என் தங்கச்சியின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நீங்கள் எரித்துவிட்டீர்கள்.

குழந்தை எப்படி இருக்கிறாள்? அம்மா சாப்பிடுகிறாளா? யாராவது எனக்கு விவரமாக எழுதுங்கள். ஜவ்வாது மலை இறக்கம் என்று மட்டும் தெரிகிறது. அந்த ரோட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். எங்கே நடந்தது, எந்த வளைவில், வண்டி எந்த கியரில் இருந்தது? எந்த கியரில் இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.

கண்ணாயிரம்


அடி அண்ணாமலை,
25.7.1994

மச்சானுக்கு,

வண்டிக்கு எஃப்.சி. முடிந்த மூன்றாம் நாள் அது. புதுப் பெயின்ட் அடித்திருந்தது. முதல் சவாரி நாமே போகலாம் என்று தனம்தான் கேட்டாள். ஜமுனாமரத்தூரில் ஒரு பலாப்பழம் வாங்கினோம். மாலை நாலு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். இனியா பின் சீட்டில் பழத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

பாதி மலை வரைக்கும் ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன், கால் தரை வரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. கருகின வாசனை வந்தது. தனம் பின்னால் திரும்பி “பாப்பா, பாப்பா” என்றாள். இடது பக்கம் பாறை. அவள் உட்கார்ந்திருந்த பக்கம். இனியாவுக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எந்த கியர் என்று கேட்டிருந்தீர்கள். பிரேக் பிடிக்கவில்லை, மச்சான்.

வேடியப்பன்


திருவண்ணாமலை,
11.3.1995

வேடியப்பனுக்கு,

லீவில் வந்து பத்து நாள் ஆகிறது. உன் வீட்டு வாசலை மிதிக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன்.

நேற்று மெக்கானிக் கருப்பன் பட்டறைக்குப் போனேன். வண்டி அப்படியே கிடக்கிறது. தனத்தின் பக்கம் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தேன். கியர் நியூட்ரலில் நிற்கிறது. அன்று மலையிலிருந்து கட்டி இழுத்து வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்று கருப்பன் சொன்னான். போலீசுக்கும் பிரேக், என் அம்மாவுக்கும் பிரேக், எனக்கும் பிரேக் என்று எழுதிவிட்டாய். மலை இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டி ஓட்டுகிற மடையன் உலகத்தில் உண்டா? ஒரு சொட்டு டீசலுக்கு என் தங்கச்சியைக் கொடுத்திருக்கிறாய்.

இனியாவை எங்கள் அம்மாவிடம் விட்டுவிடு. உன் கையில் வளர வேண்டிய குழந்தை இல்லை அது. மறுத்தால் ஊரைக் கூட்டி அவளிடமே சொல்வேன்.

கண்ணாயிரம்


அடி அண்ணாமலை,
15.3.1995

மச்சானுக்கு,

ஆமாம், நியூட்ரலில்தான் இருந்தது. பிரேக் போன பிறகு மூன்றாவதில் போடப் பார்த்தேன். அந்த வேகத்தில் பல் கடித்ததே தவிர விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. கம்பியைப் பிடித்திருந்தது என் கை. வேறு யார் கையும் இல்லை.

அந்த மடையன் யார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. நீங்களே ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள்.

இனியாவைத் தரமாட்டேன். அத்தை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும், தூக்கிப் போகட்டும், சாயங்காலம் கொண்டு வந்து விடட்டும். குழந்தையிடம் பிரேக் என்றே சொல்லியிருக்கிறேன். அம்மாவும் போய், அம்மாவைக் கொன்றவனோடு இருக்கிறோம் என்றும் தெரிந்தால் ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? நீங்களும் பிரேக் என்றே சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்கிற ஒரே உதவி இது.

நான் இனி வண்டி ஓட்டுவதாக இல்லை.

வேடியப்பன்


அடி அண்ணாமலை,
6.8.2007

திரு. கண்ணாயிரம் அவர்களுக்கு,

பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் ஊரோடு வந்துவிட்டதும், போளூர் ரோட்டில் ‘தனம் டிரைவிங் ஸ்கூல்’ என்று போர்டு வைத்ததும் தெரியும். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இனியா என்னிடம் சொல்லாமல்தான் உங்களிடம் சேர்ந்தாள். அம்மா பெயர் போட்டிருக்கிறதே என்று உள்ளே வந்திருக்கிறாள். மாமா கோபப்படாமல் கற்றுத்தருகிறார் என்று அவளுடைய தோழி எழிலிடம் பெருமையாகச் சொன்னாளாம். எனக்குத் தெரிந்தபோது நான் தடுக்கவில்லை. தாய்மாமன், சேர்ந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜூன் கடைசியில் ஏரிக்கரை இறக்கத்தில் அவள் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டாளாம். நீங்கள் கத்தினீர்களாம். “உங்கப்பன் புத்தி! இப்படித்தான் உங்கம்மாவ கொன்னான்.” பின் சீட்டில் இன்னும் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். இனியா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“பிரேக்குன்னு சொன்னியேப்பா. நூட்டல்ல வுட்டியா?”

“ஆமாம்மா,” என்றேன்.

“யார் சொல்லிக் குடுத்தா?”

“நானா செஞ்சேன்,” என்றேன்.

இன்றோடு முப்பத்தேழு நாள் ஆகிறது. என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் எடுத்துக்கொண்டு போய் வெளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவளுக்குத் தலை வாரிவிட்டது, சீருடை தேய்த்தது, பெரியவளானபோது யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தெருவில் நின்றது, எல்லாம் நான். அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

இதோடு உங்கள் 2.12.91 கடிதத்தை வைத்திருக்கிறேன். அது ஒன்றுதான், நகல் எடுக்கவில்லை. தனம் போன மறுவாரமே இதை எடுத்துப் படித்தேன். எந்த கியர் என்று நீங்கள் கேட்டு எழுதியபோது இது என் மடியில்தான் இருந்தது. மடையன் என்று எழுதியபோதும் இருந்தது. அப்போதே அனுப்பியிருக்கலாம். அத்தைக்குப் பெண் போய்ப் பிள்ளை ஒருவன்தான் மிச்சம், அவனையும் அவள் கரித்துக்கொட்ட வேண்டாம் என்று வைத்தேன். அத்தை போய் நான்கு வருஷம் ஆகிறது. இனி நான் யாருக்காக வைத்திருக்க வேண்டும்?

இனியாவிடம் இதை நான் காட்டவில்லை. காட்டினால் பழியை அடுத்தவன் தலையில் தள்ளுகிறேன் என்று நினைப்பாள். அவள் நினைப்பதும் சரிதான். கம்பியை எடுத்தது நான். ஆனால் சொல்லிக்கொடுத்தது நீங்கள். பன்னிரண்டு வருஷமாக என் பாதியை நான் சுமந்துவிட்டேன், உங்கள் பாதியையும் சேர்த்து. எனக்கு உங்கள் மேல் இருப்பது வெறுப்புதான், அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் அவளிடம் சொல்லுங்கள். சொல்ல முடியாது என்றால் அடுப்பில் போடுங்கள். இரண்டில் எது செய்தாலும் எனக்கு எழுத வேண்டாம்.

வேடியப்பன்


திருவண்ணாமலை,
21.10.2007

மாப்பிள்ளை வேடியப்பன் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. பிரித்தீர்களா என்றும் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறேன்.

நான் மறந்துபோனேன் என்று நினைத்திருப்பீர்கள். மறக்கவில்லை. தந்தியைப் படித்த நிமிஷமே எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் எந்த கியர் என்று கேட்டேன். கியரில்தான் இருந்தது என்று நீங்கள் எழுதிவிட மாட்டீர்களா என்று ஏங்கினேன். நீங்கள் பிரேக் என்று எழுதியதும் பிழைத்தேன் என்று இருந்தது. பிறகு கருப்பன் பட்டறையில் அந்தக் கம்பியைப் பார்த்தேன். அந்த இடத்தில் உங்கள்மேல் பாய்ந்திருக்காவிட்டால் நான் என் கழுத்தைத்தான் பிடித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது. 1993இல் மஸ்கட்டில் கம்பெனியில் எங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி வைத்தார்கள். இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது, ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், இல்லாவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். டீசல்கூட மிச்சமாகாதாம். உங்களுக்கு அன்றே எழுத உட்கார்ந்தேன். ‘மாப்பிள்ளைக்கு’ என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். நூறு மார்க் வாங்கிய மச்சான், சொன்னது தப்பு என்று எப்படி எழுதுவது? ஊருக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒரு வருஷம் இருந்தது, மாப்பிள்ளை. ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இனியாவிடம் உடனே சொல்லவில்லை. டெஸ்ட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன், அதுவும் என் கோழைத்தனம்தான். டெஸ்ட் முடிந்த அன்று ஏரிக்கரை மேல் வண்டியை நிறுத்தச் சொல்லி, உங்கள் கடிதத்தையும் என் கடிதத்தையும் கொடுத்தேன். 93 விஷயத்தையும் சொன்னேன். ஸ்டியரிங் மேல் வைத்து இரண்டு முறை படித்தாள். அழவில்லை. என் கடிதத்தின் கடைசியில் இருக்கிறதே, தனத்திடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சொல்லிக் குடுத்தவருக்குத் தெரியும். ஓட்டினவருக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்துகினு குருவி சத்தம் கேட்டாங்களே எங்கம்மா, அவங்களுக்கு மட்டும் தெரியாது. தெரிஞ்சா ஏறமாட்டாங்கன்னு மறைச்சீங்க. ஏறாம இருந்திருப்பாங்க இல்ல?”

குருவி விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் கதையாகச் சொல்லியிருப்பீர்கள். அவள் வண்டியை எடுத்தாள். இரண்டாவது கியரிலேயே ஏரிக்கரையை இறக்கினாள், எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. கீழே ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள். கடிதங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஹாஸ்டலில் இருப்பதாக எழில் சொன்னாள். இடம் எது என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். மாமாவுக்கும் தரவேண்டாம், அப்பாவுக்கும் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளாம்.

அவளுடைய லைசென்ஸை நேற்று ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வாங்கி வந்தேன். போட்டோவில் தனம் மாதிரியே இருக்கிறாள். இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. உங்களுக்கு அவள் எழுதினால், வந்து வாங்கிக்கொண்டு போங்கள். நீங்கள் என் வாசலுக்கு வர வேண்டாம், கருப்பன் பட்டறையில் கொடுத்து வைக்கிறேன்.

கண்ணாயிரம்